முன் பம்பரில் ஸ்க்ரூ ஓட்டை: அடைப்பது சுலபம், காய வைப்பதுதான் வேலை

இலங்கை மலைநாட்டில் ஓடும் ஒரு பழைய காரின் முன் பம்பரைக் குனிந்து பார்த்தால், அது எத்தனை கை மாறி வந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம். நம்பர் பிளேட்டுக்கு இரண்டு ஓட்டை. அந்த பிளேட் ஆடியதால் பக்கத்திலேயே இன்னும் இரண்டு. ரம்பொடைப் பனிமூட்டத்துக்காக யாரோ பூட்டிய மஞ்சள் ஃபொக் லைட்டுக்கு இரு பக்கமும் இரண்டிரண்டு. கீழே லிப் பூட்டிக் கழற்றிய ஒரு வரிசை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. இடைப்பட்ட காலம் முழுக்க நாட்டில் இருந்த வாகனங்களே கை மாறிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு கையும் ட்ரில்லைத் தூக்கியது.

ஓட்டையைத் தப்பாக அடைத்தால் அன்றைக்குத் தெரியாது. சில மாதம் வெயிலும் மழையும் பட்ட பிறகு அந்த இடத்தில் ஒரு வளையம் கிளம்பும். அப்புறம் வளையத்தோடு சேர்ந்து பெயிண்ட் உரியும். பம்பரின் பிளாஸ்டிக்கோடு சேராத பொருளை அப்பியிருப்பார்கள், இல்லையென்றால் முன்பக்கம் மட்டும் அடைத்திருப்பார்கள், அதுவும் இல்லையென்றால் ஈரம் போகுமுன் பெயிண்ட் அடித்திருப்பார்கள். கொழும்பில் முதல் இரண்டையும் சரியாகச் செய்தால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். நுவரெலியாவிலும் ஹட்டனிலும் மூன்றாவது விஷயம்தான் வேலையைக் கெடுக்கிறது.

முதலில், எந்த ஓட்டையை அடைக்க வேண்டாம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் மறைந்துபோகும் ஓட்டைக்குப் பெயிண்ட் வேலை செய்வது வீண் செலவு. ஜப்பான் பிளேட் 330க்கு 165 மில்லிமீற்றர், அதன் இரண்டு போல்ட்டுக்கும் இடையில் 210 மில்லிமீற்றர், போல்ட் எம்6. நம் ஊர்த் தகட்டின் அளவு வேறு. அதனால் ஜப்பானில் ஓடிவிட்டு வரும் ரிகண்டிஷன் காரை இங்கே பதியும்போது யாராவது ஒருவர் பம்பரிலேயே புது ஓட்டை போட்டுவிடுகிறார். அது தகட்டுக்குள் மறைந்தால் ஒரு ரப்பர் குரோமெட்டை அழுத்தி விட்டுவிடுங்கள், போதும். கறுப்பாக, சொரசொரப்பாக, பெயிண்ட் இல்லாமல் விடப்பட்ட பம்பர் பகுதியில் உள்ள ஓட்டையையும் நிரப்ப வேண்டாம். அந்தச் சொரசொரப்பை ஃபில்லரில் கொண்டுவர முடியாது. எவ்வளவு கவனமாகச் செய்தாலும் வழவழப்பான ஒரு பொட்டு தெரியும். ஸ்பெயார் பார்ட்ஸ் கடையில் ஓட்டைக்கு ஏற்ற கறுப்புக் கிளிப் ஒன்று வாங்கிக் குத்திவிட்டால் கம்பனியில் இருந்தே வந்தது மாதிரி இருக்கும்.

பம்பருக்குப் பின்னால் ரேடார் சென்சர் உள்ள வண்டியா என்றும் பாருங்கள். சென்சருக்கு நேர் எதிரே உள்ள பகுதியில் ஃபில்லரோ, கம்பி வலையோ, தடித்த பெயிண்டோ வரக் கூடாது. அங்கே ஓட்டை இருந்தால் பம்பரை மாற்றுவதைத் தவிர வேறு நல்ல வழி இல்லை.

மற்ற ஓட்டைகளுக்குப் பம்பரைக் கழற்றியே ஆக வேண்டும். கழற்றாமல் முன்பக்கமிருந்து மட்டும் அடைக்கிறேன் என்று சொல்லும் பாஸிடம் (மேஸ்திரியிடம்) வேலை கொடுக்காதீர்கள். மேல் விளிம்பில் கிளிப்கள், சில்லுப் பக்கம் ஒவ்வொரு ஸ்க்ரூ, அடியில் இன்னும் சில கிளிப், பல வண்டிகளில் 10 மில்லிமீற்றர் போல்ட் சில; இவ்வளவுதான். ஃபெண்டரோடு சேரும் ஓரத்தை வெளிப்பக்கமாக இழுக்க வேண்டும், முன்னால் இழுக்கக் கூடாது. இழுத்தால் உள்ளே இருக்கும் கொக்கி உடையும். விளக்கு வயர்களின் சொக்கட்டைக் கழற்றிய பிறகே முழுதாகத் தூக்க வேண்டும். காலைக் குளிரில் பழைய கிளிப்கள் விறைத்து எளிதில் முறியும். வெயில் ஏறிய பிறகு கழற்றுங்கள். எதற்கும் பத்துக் கிளிப் புதிதாக வாங்கி வைத்திருங்கள்.

கழற்றியதும் உள்பக்கத்தைப் பாருங்கள். இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவே எழுத்து வார்த்திருக்கும். ஜப்பான் கார்களில் அநேகமாகப் 'பிபி' என்று தொடங்கும்: பொலிபுரோப்பிலீனோடு ரப்பர்த்தன்மை உள்ள ஈபிடிஎம் கலந்தது. முடிவில் 'டிடி20' என்று இருந்தால் 20 வீதம் டால்க் தூள் கலந்திருக்கிறது. 'ஏபிஎஸ்' என்று இருந்தால் அது வேறு பிளாஸ்டிக். ஒட்டும் முறையும் வேறு. வெளியில் செய்து பூட்டிய பொடி கிட் பம்பர் பெரும்பாலும் ஃபைபர் கிளாஸ். அதற்கு ரெசினும் ஃபைபர் மேட் துணியும்தான் சரி. எழுத்து அழிந்திருந்தால் ஒரு சீவலை வெட்டித் தண்ணீரில் போட்டுப் பார்ப்பார்கள். மிதந்தால் பிபி. ஆனால் மூழ்கினால் ஏபிஎஸ் என்று முடிவு கட்ட வேண்டாம். டால்க் கலந்த பிபியும் மூழ்கும். இரண்டாவது சோதனை: சாண்ட் பேப்பரால் வேகமாகத் தேயுங்கள். ஏபிஎஸ் தூளாக உதிரும். பிபி சூடேறி உருகி நார் நாராக எழும்பும்.

இனி எழுதுவது பிபி பம்பருக்கு. இந்தப் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பு மெழுகு மாதிரி. எதையும் பிடித்து வைத்துக்கொள்ளாது. தகரத்துக்குப் போடும் சாதாரண பொடி ஃபில்லரை இதில் போட்டால் கையால் நெம்பினாலே வில்லையாகக் கழன்று வரும். சுப்பர் குளூவும் ஆப்பச்சோடாவும் போடும் வித்தை இரண்டு நிமிஷத்தில் கல்லாக இறுகும், அதுதான் அதன் குறையும்: பம்பர் வளையும், கல் வளையாது. தோட்டத்துப் பாதையில் கொஞ்ச நாள் ஓடினால் விரிசல் விழும். கேபிள் டையை உருக்கி ஓட்டையில் விடுவதும் நிறைய நடக்கிறது. கேபிள் டை நைலோன். நைலோனும் பிபியும் உருகி ஒன்றாகக் கலப்பதில்லை. பார்க்க அடைத்த மாதிரி இருக்கும், தட்டினால் குச்சி மாதிரி வெளியே விழும்.

சாண்ட் பேப்பரைத் தொடுமுன் கழுவ வேண்டும். முதலில் சவர்க்காரத் தண்ணீர், பிறகு ஐசோபுரோப்பைல் அல்கஹோல். இந்த வரிசையை மாற்றினால் பழைய வாக்ஸையும் டயர் பொலிஷின் சிலிக்கோனையும் நீங்களே பிளாஸ்டிக்குக்குள் தேய்த்து ஏற்றிவிடுவீர்கள். பெயிண்டில் மீன்கண் மாதிரிக் குழி விழுவது அதனால்தான். தின்னர் வேண்டாம். ஈபிடிஎம் தின்னரை உறிஞ்சும். உறிஞ்சியது பிறகு மெல்ல வெளியேறிப் பெயிண்டைத் தூக்கும். ஸ்க்ரூவின் துருக் கறை இருந்தால் அதையும் இப்போதே சுரண்டி எடுங்கள்.

அடுத்தது, பலரும் கவனிக்காமல் விடுவது. தகர ஸ்க்ரூ ஏறும்போது பிளாஸ்டிக்கைத் தள்ளிக்கொண்டு ஏறும்; ஓட்டையைச் சுற்றி ஒரு மேடு எழும்பி நிற்கும். விரலால் தடவினால் தெரியும். இந்த மேட்டை எடுக்காமல் நிரப்பித் தேய்த்தால் பிற்பாடு வளையம் நிச்சயம். 10 அல்லது 12 மில்லிமீற்றர் ட்ரில் பிட்டை எடுத்துக் கையாலேயே திருகுங்கள். ட்ரில் மெஷினில் போட்டால் 3 மில்லிமீற்றர் தடிப்பைக் கண்மூடித் திறப்பதற்குள் தாண்டிவிடும். மேடு போய், ஓட்டையின் வாய் சரிவாகத் திறக்க வேண்டும். உள்பக்கமும் இதே மாதிரி. ஓட்டையில் இருந்து மயிரிழை விரிசல் ஓடியிருந்தால் அதன் நுனியில் 2 மில்லிமீற்றர் ஓட்டை போட்டு நிறுத்தி, விரிசல் வழியே ஒரு சின்ன வாய்க்கால் வெட்டுங்கள்.

அடைக்க இரண்டு வழி உண்டு: பிளாஸ்டிக்கையே உருக்கி வெல்ட் செய்வது, இல்லையென்றால் ஒட்டுப் போட்டு நிரப்புவது. எங்கள் தீர்ப்பு வெல்டிங் பக்கம். மலைநாட்டில் அதற்கு ஒரு தனிக் காரணமும் இருக்கிறது: உருக்கி ஒட்டுவது ஆறினால் முடிந்தது, இறுகுவதற்கு வானிலையின் தயவு தேவையில்லை.

வெல்டிங்குக்குக் குச்சி வேண்டும். ஆகச் சிறந்த குச்சி அதே பம்பரின் உள் விளிம்பில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்து 4 மில்லிமீற்றர் அகலத்தில் வெட்டி எடுக்கும் நாடா. இல்லாவிட்டால் அதே மொடலின் உடைந்த பம்பர்த் துண்டு. அடியில் 5ஆம் எண் முக்கோணம் உள்ள பிளாஸ்டிக் கதிரையும் பிபிதான், ஒட்டும்; ஆனால் அதில் ரப்பர் கலப்பு இல்லாததால் பம்பரைவிட விறைப்பு அதிகம். அவசரத்துக்கு மட்டும்.

முன்பக்கம் ஓட்டையின் மேல் அலுமினிய டேப் ஒட்டுங்கள். 60 முதல் 80 வாட் சோல்டரிங் அயனைத் தட்டை முனையோடு உள்பக்கமிருந்து வையுங்கள். பிபி ஏறத்தாழ 165 பாகை செல்சியஸில் உருகும். ஹீட் கன் என்றால் 280 – 300 பாகைக் காற்று. குச்சியை மட்டும் உருக்கிச் சொட்ட விட்டால் பிடிக்காது. ஓட்டையின் சுவரும் குச்சியும் ஒரே நேரத்தில் உருகி, அயன் முனையால் பிசைந்து ஒன்றாக வேண்டும். புகை வந்தால் சூடு அதிகம். பிளாஸ்டிக் கருகினால் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். நிரம்பியதும் 25 மில்லிமீற்றர் சதுரத் துருப்பிடிக்காத கம்பி வலையை உள்பக்கம் வைத்து அயனால் அழுத்திப் புதையுங்கள். அதன் மேல் இன்னும் ஒரு பூச்சுக் குச்சி. தானாக ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்றி ஆற்றினால் இழுபட்டுப் பள்ளம் விழும். பிறகு முன்பக்க டேப்பை உரித்து, அங்கேயும் 1 மில்லிமீற்றர் ஆழத்துக்குச் சரித்து, நிரப்பி, மேற்பரப்பைவிடச் சற்று உயர்த்தி விடுங்கள். வேலை முழுக்கக் கதவு ஜன்னல் திறந்திருக்கட்டும்.

10 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட ஓட்டை, உதாரணமாகக் கழற்றிய பார்க்கிங் சென்சர் ஓட்டை என்றால் குச்சியால் நிரப்புவது நடக்காது. பழைய பம்பரில் இருந்து வட்டம் வெட்டி, பொருத்தி, சுற்றிலும் வெல்ட் செய்ய வேண்டும்.

வெல்டிங் கை வராதவர்களுக்கு, பிளாஸ்டிக் பம்பருக்கென்றே வரும் இரட்டைக் குழாய் ஒட்டு உண்டு. 50 மில்லிலீற்றர் கார்ட்ரிட்ஜ் நாலைந்து ஓட்டைக்குத் தாராளம். கலக்கும் முனையை மாட்டுமுன் கொஞ்சம் பிதுக்கி, இரண்டு குழாயும் ஒன்றுபோல வருகிறதா பாருங்கள். மாட்டிய பிறகும் முதல் இரண்டு மூன்று சென்ரிமீற்றரை எறிந்துவிடுங்கள். அது சரியாகக் கலந்திருக்காது, ஒருநாளும் இறுகாது. உள்பக்கம் ஓட்டையைச் சுற்றி 40 மில்லிமீற்றருக்கு பி80 பேப்பரால் கீறி, அடீஷன் புரொமோட்டர் (பிளாஸ்டிக்கில் பூச்சு பிடிக்க உதவும் திரவம்) அடித்து, ஃபைபர் வலை நாடா ஒட்டி, மேலே 2 – 3 மில்லிமீற்றர் ஒட்டுப் பூசுங்கள். அது இறுகிய பிறகே முன்பக்கம். முன்பக்கத்தில் 20 – 25 மில்லிமீற்றர் அகலத்துக்குத் தட்டுப்போலச் சரித்து நிரப்ப வேண்டும். வெறும் 5 மில்லிமீற்றர் ஓட்டைக்குள் மட்டும் தள்ளினால் பிடிமானம் கிடையாது.

ஒட்டின் உறையில் உள்ள நேரத்தை நம்ப வேண்டாம். அது 23 பாகை சுற்றி அளந்தது. வெப்பம் 10 பாகை குறைந்தால் இறுகும் நேரம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொதுக் கணக்கு. நுவரெலியாவின் சராசரியே 16 பாகை அளவுதான். உறையில் 30 நிமிஷம் என்று இருந்தால் ஒரு மணித்தியாலம் என்று வையுங்கள். நகத்தால் கீறிப் பார்த்து, தூள் வந்தால் தேய்க்கலாம், இழுபட்டால் பொறுக்க வேண்டும்.

தேய்ப்பது மெஷினில் அல்ல, கட்டையில் சுற்றிய பேப்பரில். பி180, பிறகு பி320. வேகமாகத் தேய்த்தால் பிபி உருகி மயிர் மயிராக நிற்கும். அதன் மேல் பெயிண்ட் அடித்தால் பாசி படர்ந்த மாதிரித் தெரியும். மயிர் எழும்பினால் புது பிளேடைப் படுக்க வைத்துச் சிரையுங்கள். சின்னச் சின்னப் பள்ளத்துக்குப் பிளாஸ்டிக்குக்கான வளையும் ஃபில்லர், 1 மில்லிமீற்றருக்குள். கறுப்பு ஸ்ப்ரேயைத் தூரத்தில் இருந்து தூவல் போல அடித்துவிட்டுத் தேய்த்தால், கறுப்பு போகாத இடமெல்லாம் பள்ளம்.

இந்தக் கட்டம் வரை வாட்டர் பேப்பர் வேண்டாம். ஃபில்லர் தண்ணீரைக் குடிக்கும். குடித்த தண்ணீர் இந்த ஊரில் லேசில் வெளியே வராது. பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்த பிறகுதான் தண்ணீர்.

இனி வானிலை. பெயிண்ட் அடிக்கும் பரப்பு பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைவிட) குறைந்தது 3 பாகை சூடாக இருக்க வேண்டும் என்பது பூச்சு வேலையின் அடிப்படை விதி. காற்று 16 பாகையில் 90 வீத ஈரப்பதத்தோடு இருந்தால் பனிநிலை ஏறத்தாழ 14.4 பாகை. இடைவெளி 1.6 பாகைதான். இரவு வெளியே கிடந்த பம்பர் காற்றைவிடக் குளிர்ந்திருக்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்: கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலத்தின் மேல் பெயிண்ட் விழுகிறது. மேலே பால் மாதிரி வெளுப்பதும், பிற்பாடு கொப்புளிப்பதும் இதனால்தான். அதே பம்பரை 22 பாகைக்குச் சூடாக்கினால் இடைவெளி 7 பாகைக்கு மேல் வந்துவிடுகிறது. அதற்குப் பெரிய சாதனம் தேவையில்லை. முதல் நாள் இரவே பம்பரை வீட்டுக்குள் வைத்து, அடிக்குமுன் ஹேர் ட்ரையரோ ஹலஜன் விளக்கோ காட்டினால் போதும். கையை வைத்தால் இளஞ்சூடு. அதற்கு மேல் போனால் பம்பர் வடிவம் இழக்கும். மண்ணெண்ணெய் அடுப்பை மட்டும் உள்ளே வைக்காதீர்கள். ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாகக் காற்றில் கலக்கிறது. போதாததற்குப் பெயிண்ட் ஆவி நிறைந்த அறையில் தீ. கரி அடுப்பும் அப்படியே.

நாளையும் பார்த்துத் தெரிந்தெடுங்கள். ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். பதுளை, பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் இது தலைகீழ்: ஜூன் முதல் ஓகஸ்ட் வரை காய்ந்து கிடக்கும், ஆனால் காற்றில் தூசி பறக்கும், அதனால் மூடிய இடம் வேண்டும். எந்த ஊரானாலும் முற்பகல் 10 மணிக்கு முன்னும் பிற்பகல் 2 மணிக்குப் பின்னும் ஸ்ப்ரேயைத் தொடாதீர்கள். ஸ்ப்ரே டின்னும் குளிரில் அழுத்தம் இழந்து துப்பும். கை பொறுக்கும் வெந்நீரில் சில நிமிஷம் வைத்துக் குலுக்குங்கள். கொதிநீர் ஆபத்து.

வெறும் பிளாஸ்டிக் தெரியும் இடமெல்லாம் அடீஷன் புரொமோட்டர் மெல்லிய ஒரே பூச்சு. தடிப்பாக அடித்தால் அதுவே உரியும் படலமாகிவிடும். பத்து நிமிஷம் விட்டு, டின்னில் சொன்ன நேர எல்லைக்குள் பிரைமர். இரண்டு பொருள் கலக்கும் 2கே பிரைமரே நல்லது. இரண்டு மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் இடையில் பளபளப்பு முற்றாக மங்கும் வரை பொறுமை. இறுகிய பிறகு பி600, பிறகு பி800 வாட்டர் பேப்பர்.

நிறத்துக்குக் கோட் எண் வேண்டும். டொயோட்டாவில் கதவுத் தூணில் உள்ள தகட்டில் 'சி/டிஆர்' என்ற வரியில் இருக்கும். 040 என்றால் சாதா வெள்ளை; பொட்டளவில் அடித்து ஓரத்தைக் கரைத்துவிடலாம். 1எஃப்7 வெள்ளிக்குப் பொட்டு வேலை சரிவராது. முழு முகப்பையும் அடிக்க வேண்டும். 070 முத்து வெள்ளை மூன்று அடுக்கு வேலை, அதைப் பழகிய பெயிண்ட் பாஸிடம் கொடுத்துவிடுவது மலிவு. கோட் சரியாக இருந்தாலும் வெயிலில் வெளுத்த காருக்கு அப்படியே பொருந்தாது. ஒரு அட்டையில் அடித்துக் காய வைத்து, பகல் வெளிச்சத்தில் காரோடு வைத்துப் பாருங்கள்.

நிறத்துக்கு மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஒவ்வொரு 1000 மீற்றர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 வீதம் கூடும். நுவரெலியா 1868 மீற்றரில் இருக்கிறது. சாதாரண ஒற்றைப் பொருள் டின் கிளியர் இங்கே சீக்கிரம் மங்கும். 2கே கிளியரில் ஐசோசயனேற் என்ற, மூச்சுக்குக் கேடான பொருள் உண்டு; துணி மாஸ்க் அதைத் தடுக்காது. ஆவி வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க், கையுறை, திறந்த வெளி, பக்கத்தில் பிள்ளைகள் இல்லாமல். ஆஸ்துமா உள்ளவர் இந்த வேலையைச் செய்யவே கூடாது. கிளியரைப் பம்பரின் நடுவில் நிறுத்தினால் கோடு விழும். ஒரு மடிப்புக் கோடு வரையோ ஓரம் வரையோ கொண்டுபோங்கள்.

சமவெளியில் மறுநாள் பூட்டலாம். இங்கே இரண்டு மூன்று நாள் உள்ளே வைத்திருங்கள். ஒரு வாரம் கழுவ வேண்டாம், ஒரு மாதம் வாக்ஸ் வேண்டாம்.

நம்பர் பிளேட்டை மறுபடி பூட்டும்போது பம்பரில் தகர ஸ்க்ரூ ஏற்றாதீர்கள். கம்பனி விட்ட இரண்டு எம்6 இடத்தில் ஒரு அலுமினியப் பட்டியைப் பூட்டி, நம் தகட்டுக்கு வேண்டிய ஓட்டைகளை அந்தப் பட்டியில் போடுங்கள். போல்ட் துருப்பிடிக்காத எஃகு, பின்னால் நைலோன் நட், தகட்டுக்கும் பம்பருக்கும் இடையில் ரப்பர் வாஷர். நட்டை இறுக்கி, தகட்டை விரலால் தட்டிப் பாருங்கள். கடகடத்தால் வாஷரைத் தடிப்பாக்குங்கள்.